70 பேர் வந்தார்கள், 11 பேர் மிஞ்சினார்கள்: காவல் நிலைய இளையோர் நிகழ்ச்சியை எப்படி நடத்துவது?

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கமும் பகுதிக் காவல் நிலையமும் சேர்ந்து 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நடத்துகிறோம். போதைப்பொருள், சாலைப் பாதுகாப்பு, இணையக் குற்றம் என்று அதிகாரிகள் பேசுவார்கள். முடிவில் பரிசு, குழுப்படம். முதல் கூட்டத்துக்கு 70 பேர் வந்தார்கள், நான்காவது கூட்டத்தில் 11 பேர்தான். "அடங்காத பையன்களை மட்டும் பொறுக்கியெடுத்து ஒரு நாள் சிறைச்சாலையைச் சுற்றிக் காட்டுங்கள், தானாகத் திருந்துவார்கள்" என்று சங்கத்தில் சிலர் சொல்கிறார்கள். செய்யலாமா? இல்லையென்றால் வேறு எப்படி நடத்துவது?

பதில்: சிறைச்சாலைக்குக் கூட்டிப்போகாதீர்கள். 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ராவே சிறையில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆயுள் கைதிகள் பையன்களை எதிரே உட்காரவைத்துக் கத்தி, மிரட்டி, உள்ளே என்ன நடக்கும் என்று விவரிப்பார்கள். 1978இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படம் வந்ததும் பல இடங்களில் நகலெடுத்தார்கள். பிறகு, குலுக்கல் முறையில் பிள்ளைகளை இரண்டு குழுவாகப் பிரித்து நடத்திய சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சிறைக்குப் போய்வந்த குழுவினர்தான் போகாதவர்களைவிட அதிகம் குற்றத்தில் சிக்கியிருந்தார்கள். பயன் இல்லாததோடு நிற்கவில்லை, கெடுதலும் செய்தது. கூட்டாளிகளுக்கு நடுவே பயந்ததாகக் காட்டிக்கொள்ள எந்தப் பதினைந்து வயதுப் பையனும் ஒத்துக்கொள்ள மாட்டான். வெளியே வந்ததும், பயப்படவில்லை என்று நிரூபிக்கத்தான் பார்ப்பான்.

"அடங்காதவர்களை மட்டும்" என்பதும் அதே அளவுக்கு ஆபத்து. 1939இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ், சோமர்வில் நகரங்களில் பையன்களுக்கு ஆலோசனையும் உதவியும் தரும் பெரிய திட்டம் ஒன்று தொடங்கியது. சுமார் முப்பது ஆண்டு கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தப் பையன்களைத் தேடிப்பிடித்து ஆராய்ந்தார். உதவி பெற்றவர்களின் நிலை, பெறாதவர்களைவிடச் சில வகைகளில் மோசமாக இருந்தது. அதிலும் கோடை முகாம்களுக்கு மறுபடி மறுபடி அனுப்பப்பட்டவர்களே கூடுதலாகக் கெட்டிருந்தார்கள். முரட்டுப் பிள்ளைகளை ஓரிடத்தில் கூட்டினால் அவர்கள் கற்றுக்கொள்வது ஒருவரிடமிருந்து ஒருவர்தான். சேட்டைக்குச் சிரிப்பு கிடைக்கிறது, சிரிப்பு கிடைப்பது திரும்ப நடக்கிறது. ஆகவே உங்கள் குழுவில் கவலைக்குரிய பிள்ளைகள் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். யார் அந்த நாலில் ஒருவர் என்று பட்டியலும் போடாதீர்கள். பட்டியல் இருந்தால் அது எப்படியும் வெளியே கசியும்.

இனி, கூட்டம் ஏன் கரைந்தது? சொற்பொழிவுதான் காரணம். 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' என்ற போதைத் தடுப்புத் திட்டத்தில் சீருடை அணிந்த அதிகாரிகள் பள்ளிகளில் வாரம் ஒன்றாக 17 பாடம் நடத்தினார்கள். பெற்றோருக்குப் பிடித்தது, பள்ளிகளுக்குப் பிடித்தது, அதிகாரிகளுக்கும் பிடித்தது. போதைப்பொருள் பழக்கத்தில்தான் வித்தியாசம் தெரியவில்லை. பத்தாண்டு கழித்துப் பார்த்த ஆய்விலும் அதே முடிவுதான். 2009இல் அவர்களே பாடத்தை மாற்றி, நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்று பழக்கும் முறைக்குப் போனார்கள். பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும், மாதம் ஒரு முறை வேறு வேறு அதிகாரி வந்து பேசிவிட்டுப் போனால் யாரும் யாருக்கும் அறிமுகமாவதில்லை.

எனவே மாதக் கூட்டத்தை நிறுத்திவிட்டு வாரம் ஒரு முறை, 90 நிமிடம், தொடர்ந்து 12 வாரம் என்று மாற்றுங்கள். 70 பேர் தேவையில்லை, 20 முதல் 24 பேர் போதும். மிஞ்சிய அந்த 11 பேரிலிருந்தே தொடங்கி, ஆளுக்கு ஒருவரைக் கூட்டிவரச் சொல்லுங்கள். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது கணக்கு. காவல் நிலையத்திலிருந்து இரண்டு பேர், பெயர் சொல்லி ஒதுக்கப்பட்டவர்களாக, 12 வாரமும் அதே ஆட்களாக வரவேண்டும். மூன்றாவதாக ஒரு மாற்று ஆள் முதல் வாரத்திலேயே வந்து முகம் காட்டிவிட வேண்டும். பந்தோபஸ்து, நீதிமன்றம், திடீர் அழைப்பு என்று முதல் இருவரில் ஒருவர் அவ்வப்போது வராமல் போவது நிச்சயம். அப்படிப் போனால் முன்கூட்டியே தகவல் வரவேண்டும். பிள்ளைகள் காத்திருந்து அதிகாரி வராமல் போவது இரண்டு தடவை நடந்தால் அந்தத் தொடரை மறந்துவிடலாம்.

அதிகாரியைத் தேர்ந்தெடுப்பதில் நிலையத் தலைவரிடம் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். நன்றாகப் பேசுபவர் வேண்டாம், பிள்ளை பேசும்போது குறுக்கிடாதவர் வேண்டும். தெருவில் தினமும் ரோந்து போகும் காவலராக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் புதன்கிழமை இரவு அந்தப் பையன் எதிர்ப்படப் போவது அவரைத்தான். உயரதிகாரி வந்து தொடங்கிவைப்பது, மாலை மரியாதை எல்லாம் முதல் வாரத்தில் வேண்டவே வேண்டாம். வேண்டுமானால் 12ஆம் வாரம் வரட்டும்.

சீருடை பற்றி எல்லோரும் கேட்பார்கள். முதல் நாலு வாரம் விளையாட்டு உடையில் வரலாம், ஆனால் தான் போலீஸ் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துப் பழகிப் பிறகு தெரியவந்தால் ஏமாற்றியதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஐந்தாம் வாரம் சீருடையில் வந்து, இடுப்பில் இருப்பது என்ன, தோளில் இருக்கும் பட்டைக்கு என்ன அர்த்தம் என்று கேள்வி கேட்கவிடலாம். துப்பாக்கி எந்த வாரமும் கூடாது.

90 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: கூடி உட்கார 10, சேர்ந்து ஏதாவது செய்ய 50, பேச 20, கலைய 10. பேச்சு வருவது செயலுக்குப் பிறகுதான். முதலில் வைத்தால் மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். விளையாட்டு பழைய வழி. நியூயார்க் காவல்துறை 1914இலேயே போக்குவரத்தை அடைத்துத் தெருக்களைப் பிள்ளைகள் விளையாட விட்டது. ஆனால் விளையாட்டு மெல்ல மெல்லப் போட்டித் தொடராக மாறிவிடும். கோப்பை, பரிசு வந்ததும் நன்றாக ஆடுபவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள், மற்றவர்கள் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அணியை ஒவ்வொரு வாரமும் கலைத்துப்போடுங்கள், அதிகாரிகளை இரண்டு பக்கமும் பிரியுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை விளையாட்டுக்குப் பதில் கைவேலை வையுங்கள். சைக்கிள் பழுதுபார்ப்பது நல்ல தேர்வு, அதில் பையன்களுக்குத்தான் அதிகாரியைவிட அதிகம் தெரியும். முதலுதவியும் நல்லது. இதயம் நின்றவருக்கு நெஞ்சு அழுத்தம் கொடுப்பது நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம் என்று பொம்மையில் பழகும்போது இரண்டு நிமிடத்தில் யாருக்கும் கை சோர்ந்துவிடும், பிறகு அடுத்தவர் கைமாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்த இடத்தில் போலீஸ்காரரும் பையனும் ஒரே வேலையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். சான்றளிக்கப்பட்ட பயிற்றுநர் ஒருவர் இருந்தால் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் கிடைக்கும்.

ஆறாம் வாரத்துக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், மொத்தத் தொடரிலும் இதற்குத்தான் மதிப்பு அதிகம். 'தெருவில் நிறுத்தி விசாரிப்பது' என்று ஒரு காட்சியை நடிக்கவையுங்கள், பாத்திரங்களை மாற்றி. பையன் போலீஸ், அதிகாரி இரவு எட்டு மணிக்கு வண்டியில் வரும் இளைஞன். அதிகாரிக்கு மட்டும் ஒரு சீட்டு கொடுங்கள்: "சட்டைப்பையில் கை விட்டுக்கொள், கேள்விக்குப் பதில் சொல்லாதே, நண்பனைப் பார்த்துச் சிரி." போலீஸாக நடிக்கும் பையன் ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்பான், இரண்டாவது நிமிடத்தில் குரலை உயர்த்துவான், பெரும்பாலும் "கையை வெளியே எடுடா" என்றுகூடக் கத்திவிடுவான். அங்கே நிறுத்துங்கள். "ஏன் கத்தினாய்?" என்று கேளுங்கள். "கையில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை" என்பான். அடுத்து அதிகாரியிடம் கேளுங்கள், "ஏன் நிறுத்தினார்கள் என்று உங்களுக்குச் சொன்னார்களா?" இல்லை என்பார். இந்த இரண்டு பதில்களிலும் பேசவேண்டிய அத்தனையும் இருக்கிறது. பிறகு சரியான முறையைப் பழக்குங்கள்: கைகள் தெரியும்படி வைப்பது, பெயர் சொல்வது, எதற்காக நிறுத்தினீர்கள் என்று மரியாதையாகக் கேட்பது, வீட்டுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்பது, ஓடாமல் இருப்பது. காரணத்தைச் சொல்லிவிட்டுக் கேட்பது என்பதை அதிகாரியும் பழகட்டும். பாடம் இருபக்கமும் நடக்கவேண்டும்.

பேச்சு வேளையில் ஒரு நாள் புகார் வந்தே தீரும். "என்னை அறைந்தார்", "வண்டியைப் பிடுங்கிக்கொண்டு ரசீது தரவில்லை". அதிகாரியின் வாய் தானாக, "அவருக்கும் ஏதாவது காரணம் இருந்திருக்கும்" என்று தொடங்கும். அந்த வாக்கியம் வந்தால் இனி யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். கேட்டுக்கொண்டு, எங்கே எப்படிப் புகார் கொடுக்கலாம் என்று சொல்லி, பிள்ளையும் வீட்டாரும் விரும்பினால் சங்கத்தின் சார்பில் கூடவே போகலாம் என்றும் சொல்லவேண்டும். அடுத்த வாரம், ஒன்றும் நடக்கவில்லை என்றாலும், "இன்னும் பதில் வரவில்லை" என்றாவது வந்து சொல்லவேண்டும்.

இதோடு ஒட்டிய, எல்லாவற்றையும்விடக் கண்டிப்பான விதி ஒன்று உண்டு: துப்பு கேட்கக் கூடாது. "உங்கள் தெருவில் யார் விற்கிறார்கள்?" என்று ஒரே ஒரு தடவை, விளையாட்டாகக் கேட்டாலும் போதும், அன்று மாலைக்குள் ஊரெல்லாம் பரவிவிடும். அப்புறம் வருகிற பிள்ளைக்குக் 'காட்டிக்கொடுப்பவன்' என்ற பட்டம் விழும், அதனால் அடிகூட வாங்கலாம். வருகைப் பதிவேட்டைச் சங்கம் வைத்துக்கொள்ளட்டும், நிலையத்துக்குப் போகக் கூடாது. அதில் பெயர், வயது, வீட்டார் தொலைபேசி எண், உடல்நலக் குறிப்பு, இவ்வளவே. அதே நேரம் எல்லாவற்றையும் ரகசியமாக வைப்போம் என்றும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளைக்கு யாரோ கெடுதல் செய்கிறார்கள், தன்னையே மாய்த்துக்கொள்ள நினைக்கிறது, வேறொருவரைத் தாக்கத் திட்டமிருக்கிறது: இந்த மூன்றையும் மறைக்க முடியாது, உரியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பு விதிகளைக் காவல்துறை என்பதற்காகத் தளர்த்த வேண்டாம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையிலோ வண்டியிலோ தனியாக இருக்கக்கூடாது. பெண் பிள்ளைகள் இருந்தால் பெண் அதிகாரி ஒருவர் கட்டாயம். அதிகாரியும் பிள்ளையும் நேரடியாக வாட்ஸ்அப்பில் பேசக்கூடாது, செய்தி எல்லாம் பெற்றோர் குழு வழியாகத்தான். சங்கத்துக்கும் நிலையத்துக்கும் வெளியே உள்ள ஒருவரின் எண்ணைப் புகாருக்கென்று சுவரில் ஒட்டுங்கள். குழுப்படத்தைச் சமூக வலைத்தளத்தில் போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். போலீஸோடு நிற்கும் பையனின் படத்தைப் பார்ப்பவர் அவன் விளையாட வந்தானா பிடிபட்டு வந்தானா என்று விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, நிலையத் தலைவரும் சங்கச் செயலாளரும் கையெழுத்திடுங்கள். தலைவர் மாற்றலாகிப் போவார், புதிதாக வருபவருக்குக் காட்ட அந்தக் காகிதம் வேண்டும். வேலைப் பங்கீட்டையும் அதிலேயே குறிப்பிடுங்கள். கேரளத்தில் 2010இல் தொடங்கிய மாணவர் போலீஸ் கேடட் திட்டத்தில் அன்றாடப் பொறுப்பு பள்ளி ஆசிரியர்களிடம் இருக்கிறது, உடற்பயிற்சி அணிவகுப்பைப் போலீஸார் நடத்துகிறார்கள். போலீஸார் மாறினாலும் திட்டம் நிற்பதில்லை. உங்களுக்கும் அப்படி நிலையான இரண்டு தன்னார்வலர்கள் வேண்டும்.

குழுவுக்கு வராத பிள்ளைகளை என்ன செய்வது? கனெக்டிகட்டின் நியூ ஹேவன் நகரில் சீருடை அதிகாரிகள், எந்த விசாரணையும் இல்லாமல், வீட்டுக் கதவைத் தட்டிச் சுமார் பத்து நிமிடம் பேசிவிட்டு வந்தார்கள். போலீஸைப் பற்றிய எண்ணம் அந்த ஒரு சந்திப்பிலேயே நல்லபடியாக மாறியது, 21 நாள் கழித்துக் கேட்டபோதும் மாற்றம் தெரிந்தது. 2019இல் வெளியான ஆய்வு இது. ஆனால் அங்கே பேசியது பெரியவர்களிடம். உங்கள் பகுதியில் செய்தால் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். போலீஸ் ஜீப் வாசலில் நின்றால் அக்கம்பக்கம் வேறு கதை கட்டிவிடும், நடந்து போவதே நல்லது.

பலனை எப்படி அளப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். முதல் நாள் கூட்டத்தின் எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். முதல் வாரம் வந்தவர்களில் ஆறாம் வாரமும் வருபவர் எத்தனை பேர் என்று பாருங்கள், பாதிக்குக் கீழே போனால் நேரமோ செயலோ ஆளோ சரியில்லை. முதல் வாரமும் 12ஆம் வாரமும் பெயரில்லாமல் ஐந்து கேள்வி கேளுங்கள். "உன் போன் திருடுபோனால் நிலையத்துக்குப் போவாயா?", "இந்த அதிகாரிகளில் ஒருவரின் பெயர் தெரியுமா?" போன்றவை போதும். அதே நாள் அதிகாரிகளிடமும் கேளுங்கள், எத்தனை பிள்ளைகளின் பெயர் தெரியும் என்று. குற்றம் குறைந்தது என்று மட்டும் அறிக்கை எழுதாதீர்கள். ஒரு சிறு பகுதியில் எண்ணிக்கை தானாகவே ஏறி இறங்கும். அதோடு நம்பிக்கை வளர்ந்தால் இதுவரை சொல்லாமல் விட்ட புகார்களும் வரத்தொடங்கும், பதிவான வழக்குகள் முதலில் கூடத்தான் செய்யும். இதை நிலையத் தலைவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால், நிகழ்ச்சி ஒழுங்காக நடக்கத் தொடங்கும் மாதத்திலேயே அதை மூடச் சொல்லி உத்தரவு வந்துவிடும்.