பேஸ்காரரின் பெயர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஜாஸ் கேட்க ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகின்றன. ரசிக நண்பர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸாப் குழு வைத்திருக்கிறோம். எனக்குப் பிடித்த நூறு ஆல்பங்களைப் பட்டியல் போட்டு அனுப்பினேன். ஆளாளுக்குக் கட்டைவிரல் போட்டார்களே ஒழிய ஒருவரும் கேட்கவில்லை. மனசு விட்டுப்போயிற்று. பட்டியலை இணைத்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்கச் சொல்லலாம்? எல்பி இசைத்தட்டில் கேட்டால்தான் ஜாஸ் என்கிறார் ஒரு நண்பர், உண்மையா? சாக்ஸபோனில் கோல்ட்ரேன், ராலின்ஸ் இருவரில் யார் பெரியவர்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

எல்பி பேச்சை விடுங்கள். வசதி இருப்பவர் அதில் கேட்கட்டும், மற்றவர்களுக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் போதும். யார் பெரியவர் என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. 1956-ல் 'டெனார் மேட்னஸ்' என்ற உருப்படியில் இருவரும் சேர்ந்தே வாசித்திருக்கிறார்கள். அதைக் கேளுங்கள்.

பட்டியலை வரி விடாமல் படித்தேன். ஆல்பம், தலைவர் பெயர், வருடம், எத்தனை நட்சத்திரம் என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறீர்கள். நூறு வரியில் ஓரிடத்தில்கூட பேஸ், அதாவது கீழ்ஸ்தாயியில் ஒலிக்கும் அந்தப் பெரிய தந்தி வாத்தியம், வாசித்தவர் பெயர் இல்லை. எனக்குக் கோபம் வந்தது. ட்ரம்பெட் வாசித்த மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்துக்கு எதிரே மைல்ஸ், கோல்ட்ரேன், பியானோக்காரர் பில் எவன்ஸ் என்று எழுதி ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறீர்கள். அதன் முதல் உருப்படி 'ஸோ வாட்'. அதில் மெட்டைச் சொல்வதே பால் சேம்பர்ஸின் பேஸ்தான். பியானோவும், பிறகு ட்ரம்பெட்டும் சாக்ஸபோன்களும் இரண்டே சத்தத்தில் அதற்கு ஆமாம் போடுகின்றன. மெட்டு வாசித்த மனிதர் உங்கள் காதில் விழவே இல்லையா?

கொஞ்ச நாளாக டீன் பெனடெட்டியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. சார்லி பார்க்கரைப் போல அவரும் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்தவர், பார்க்கர் மேல் பைத்தியம். 1947-ல் லாஸ் ஏஞ்சலஸில், அடுத்த வருடம் நியூயார்க்கில் என்று பார்க்கர் வாசித்த க்ளப்புகளுக்கே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். பார்க்கர் வாசித்து முடித்ததும் கருவியை நிறுத்திவிடுவார். நியூயார்க்கில் அதே மேடையில் பக்கத்தில் நின்றவர் மைல்ஸ் டேவிஸ், பின்னால் ட்ரம்ஸில் மேக்ஸ் ரோச். அவர்கள் முறை வரும்போது கருவி ஓடாது. பெனடெட்டி 1957-ல் இறந்துபோனார். அந்தப் பதிவுகளை மொசைக் இசைத்தட்டு நிறுவனம் 1990-ல் வெளியிட்டது. நடுவில் தொடங்கி நடுவிலேயே அறுந்துபோகும் துண்டுகள். அந்த அன்பின் முன்னால் நான் கைகூப்புவேன். அவர் இல்லையென்றால் அந்த ராத்திரிகளின் பார்க்கர் நமக்குக் கிடைத்திருக்கவே மாட்டார். ஆனால் பார்க்கர் யாருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார், யார் அவரைச் சீண்டினார்கள் என்பது போனது போனதுதான். உங்கள் பட்டியலும் அதே வேலையைத்தான் செய்கிறது.

எனக்கு ஜாஸ் காட்டியவர் ஒரு மூத்த நண்பர். பட்டியலெல்லாம் தந்ததில்லை. ஒரு மத்தியானம் உட்காரவைத்து பில் எவன்ஸ் ட்ரியோ என்ற மூவர் குழுவின் 'சண்டே அட் த வில்லேஜ் வான்கார்ட்' ஆல்பத்தைப் போட்டார். நான் வாயைத் திறந்தபோது கையமர்த்தினார். முதல் உருப்படி 'க்ளோரியாஸ் ஸ்டெப்' ஓடும்போது மட்டும், "பியானோவை விடு, பேஸ் எங்க போகுதுன்னு பாரு" என்றார். பார்த்தேன். ஸ்காட் லஃபாரோவின் பேஸ் தாளத்துக்குத் தூண்போல நிற்கவில்லை. பியானோ ஒரு வாக்கியத்தைத் தொடங்கும்போதே உள்ளே புகுந்து மேலே ஏறி வேறொன்று சொல்கிறது, எவன்ஸ் சட்டென்று இடம்விட்டு ஒதுங்குகிறார், ட்ரம்ஸில் பால் மோஷியனின் ப்ரஷ் இருவருக்கும் நடுவே சரசரக்கிறது. பின்னால் கண்ணாடித் தம்ளர்கள் மோதும் சத்தம், யாரோ பேசிச் சிரிக்கும் சத்தம். இத்தனை நடக்கும்போது பேசிக்கொண்டிருந்திருக்கிறார்களே என்று இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

அது பதிவானது 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில், நிலவறையில் இருக்கும் 'வில்லேஜ் வான்கார்ட்' என்ற அந்தச் சின்ன க்ளப்பில் மத்தியானமும் இரவுமாக ஐந்து முறை மேடையேறினார்கள். பதினோராவது நாள், ஜூலை 6, லஃபாரோ கார் விபத்தில் போய்விட்டார். வயது 25. எவன்ஸ் மாதக்கணக்கில் மேடைப்பக்கமே வரவில்லை. ஆனால் தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸோடு உட்கார்ந்து அந்த ஒரு நாள் பதிவிலிருந்து இந்த ஆல்பத்துக்கான உருப்படிகளைப் பொறுக்கினார். லஃபாரோ நன்றாகத் தெரியும்படியான வாசிப்புகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆல்பத்தின் முதல் உருப்படியும் கடைசி உருப்படியும் லஃபாரோ எழுதியவை. அட்டையிலும் அவர் பெயர் இருக்கிறது. ஆர், உங்களுக்குப் பிடித்ததை அடுத்தவருக்கு எப்படிக் கொடுப்பது என்று இங்கே பாருங்கள். ஒரு பியானோக்காரர் தன் ஆல்பத்தையே, "இவன் வாசிப்பைக் கேளுங்கள்" என்று நம் கையில் கொடுத்திருக்கிறார்.

நண்பர்கள்மேல் வருத்தப்படாதீர்கள். நூறு ஆல்பத்தை ஒரே நாளில் தலையில் கொட்டினால் யார்தான் கேட்பார்கள்? உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது, அதனால்தான் இவ்வளவு நீளமாகத் திட்டுகிறேன். குழுவில் இரண்டு பேரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். இந்த ஒரு ஆல்பத்தைப் போடுங்கள். முடியும்வரை ஃபோனைத் தொடக் கூடாது, நீங்களும் விளக்கம் சொல்லக் கூடாது. பேஸைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னால் போதும். கடைசி உருப்படி 'ஜேட் விஷன்ஸ்' முடிந்ததும் அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். மோஷியனைப் பற்றி ஒருவராவது ஏதாவது சொல்லியிருந்தால் அதை விட்டுவிடாமல் எழுதுங்கள்.