ஐடிலில் கடகட சத்தம்: இன்ஜினைப் பிரிக்கும் முன்

ஐடிலில், அதாவது வண்டி ஓடாமல் இன்ஜின் மட்டும் இயங்கி நிற்கும்போது, தகரம் அதிர்வது போல் கடகட சத்தம், ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே சத்தம் நின்றுவிடுகிறது, மெக்கானிக் இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள் சார். முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அணைத்து ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை (இன்ஜின் ஆயில் அளவு காட்டும் கம்பி) எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைவென்றால் ஊற்றிவிட்டு, சத்தம் வருகிறதா என்று மறுபடி கவனியுங்கள்.

அளவு சரி என்றால், என் சந்தேகம் சைலன்சர் குழாயை ஒட்டியிருக்கும் ஹீட் ஷீல்டு மீதுதான். சூடு பக்கத்தில் பரவாமல் தடுக்கும் மெல்லிய தகடு அது. போல்ட் ஓட்டையைச் சுற்றித் துருப்பிடித்து ஆட ஆரம்பிக்கும். வண்டி நன்றாக ஆறியபின் குனிந்து, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். அதே சத்தம் வந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். என் பழைய வண்டியில் பெரிய ஸ்டீல் ஹோஸ் கிளிப் (குழாயை இறுக்கும் வளையம்) ஒன்றைத் தகட்டைச் சுற்றி முறுக்கினேன், அதோடு சரி. எரிச்சலில் தகட்டையே கழற்றி எறிந்துவிடாதீர்கள், சூட்டில் பக்கத்து வயர் உருகும்.

மிதிக்க மிதிக்கச் சத்தமும் வேகமெடுத்து, உள்ளேயிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்தால் கதை வேறு. இன்ஜினுக்குள் சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் பழுதாக இருக்கலாம், ஓட்டாமல், கட்டி இழுத்துக்கொண்டு போங்கள்.