அஜைல், டெவ்ஆப்ஸ் பற்றிப் பரவலாக இருக்கும் தவறான எண்ணங்கள் என்னென்ன?

"அஜைலுக்கு மாறிட்டோம், இனிமே எல்லாம் சீக்கிரம் முடிஞ்சிடும்." மென்பொருளைச் சின்னச் சின்னப் பகுதிகளாகச் செய்து, அவ்வப்போது வாடிக்கையாளரிடம் காட்டித் திருத்திக்கொள்ளும் முறைதான் அஜைல். அதைப் பற்றி அதிகம் காதில் விழுவது இதுதான். ஆறு மாத வேலை ஆறு மாத வேலைதான். இரண்டு வாரத்தில் ஒரு சின்னப் பகுதியை ஓட்டிக் காட்டினால், "நான் கேட்டது இது இல்லையே" என்று வாடிக்கையாளர் அப்போதே சொல்லிவிடுவார். ஐந்தாவது மாதத்தில் சொல்லியிருந்தால் எத்தனை வேலை வீணாகியிருக்கும்! லாபம் அங்கேதான்.

அடுத்தது, ஆவணமே வேண்டாம் என்பது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஸ்னோபேர்டில் 17 பேர் கூடி எழுதிய அஜைல் அறிக்கை, விரிவான ஆவணங்களைவிட ஓடுகிற மென்பொருளை மேலாக வைக்கிறது. ஆவணங்களுக்கும் மதிப்பு உண்டு என்று அதன் கடைசி வரியிலேயே இருக்கிறது. அதுவரை யார் படிக்கிறார்கள்?

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது ஸ்டோரி பாயிண்ட். அஜைலில் பரவலான ஸ்க்ரம் முறைக்கான கையேடு, 2020 ஸ்க்ரம் கைடில் அந்தப் பேச்சே கிடையாது. வேலையின் அளவைக் குத்துமதிப்பாகச் சொல்ல டீம் தனக்காக வைத்துக்கொள்ளும் எண் அது. மேனேஜர் அதை எடுத்து "அந்த டீம் 40 முடிக்குது, நீங்க ஏன் 25?" என்று கேட்டார் என்றால் முடிந்தது கதை. அடுத்த ஸ்பிரின்டில், அதாவது அடுத்த சில வாரச் சுற்றில், 3 போட்ட டிக்கெட்டெல்லாம் (வேலைக் குறிப்பெல்லாம்) 5 ஆகும். வரைபடம் மேலே ஏறும், வேலை அதேதான். தினமும் நடக்கும் ஸ்டாண்ட்அப் கூட்டத்துக்கும் இதே கதி. டெவலப்பர்கள் அன்றைய திட்டத்தைத் தங்களுக்குள் சரிசெய்துகொள்ளும் 15 நிமிடம், மேனேஜரைப் பார்த்து ஒவ்வொருவராக ஒப்பிப்பதாகிவிடுகிறது.

டெவ்ஆப்ஸ் என்பது மென்பொருளை எழுதும் டெவலப்மென்ட்டும் அதை ஓடவைத்துக் கவனிக்கும் ஆப்ஸும் (ஆபரேஷன்ஸ்) சேர்ந்து வேலை செய்வது. ஜென்கின்ஸ், டாக்கர் மாதிரிக் கருவிகளைப் போட்டதும் அது வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். 2009 ஜூனில் வெலாசிட்டி மாநாட்டில், படப் பகிர்வுத் தளமான ஃப்ளிக்கரின் ஜான் ஆல்ஸ்பாவும் பால் ஹேமண்டும், ஒருவர் ஆப்ஸ், ஒருவர் டெவலப்மென்ட், ஒரே மேடையில் நின்று, நாளுக்குப் பத்துக்கும் மேற்பட்ட முறை டெப்ளாய் செய்வதை, அதாவது புதுக் கோடைப் பயனர்கள் உபயோகிக்கும் ப்ரொடக்‌ஷனில் ஏற்றுவதைப் பற்றிப் பேசினார்கள். அந்த ஒட்டுறவுதான் விஷயம். பல இடங்களில் நடப்பது நேர்மாறு: இரண்டு டீமுக்கும் நடுவே "டெவ்ஆப்ஸ் டீம்" என்று மூன்றாவதாக ஒன்று முளைக்கிறது. கோடைச் சோதித்து ஏற்றும் பைப்லைன் உடைந்தால் டெவலப்பர் அவர்களுக்கு டிக்கெட் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகிறார். ஒரு சுவர் இருந்த இடத்தில் இப்போது இரண்டு.

அடிக்கடி டெப்ளாய் செய்தால் அடிக்கடி உடையும் என்ற பயமும் உண்டு. ஐம்பது வரி மாற்றி உடைந்தால் எங்கே என்று உடனே தெரியும், பழையபடி ஆக்கும் ரோல்பேக்கும் சுலபம். மூன்று மாதக் கோடை ஒரே இரவில் ஏற்றிவிட்டு எங்கே என்று தேடுவது? தானியங்கிச் சோதனை இல்லாமல் அடிக்கடி ஏற்றினால் மட்டும் அந்தப் பயம் நியாயமானது.

புது நிறுவனத்தில் நேர்காணலுக்குப் போகிறீர்களா? "அஜைலா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்பார்கள். "ப்ரொடக்‌ஷனில் கடைசியாக ஏதாவது விழுந்தபோது முதல் அலர்ட் யாருக்குப் போனது, கோட் எழுதியவருக்கு அது எப்போது தெரிந்தது?" என்று கேளுங்கள். நடுவில் சுவர் இருக்கிறதா என்று பதிலிலேயே தெரிந்துவிடும்.