வாஸ்கோ ட காமா கிளப்: கேட்டவையும் சொன்னவையும்

ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ ட காமா கால்பந்து கிளப்பைப் பற்றி வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். யார் எந்த கிளப்புக்குப் போகப்போகிறார் என்ற வதந்திக் கேள்விகளை மட்டும் விட்டுவிட்டேன்.

கடலோடி: அண்ணா, பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் வருகிற அதே வாஸ்கோ ட காமாவா?

அவரேதான். 1498-ல் கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கி, 1524-ல் கொச்சியில் இறந்தாரே, அவர். அந்த முதல் பயணத்தின் 400-வது ஆண்டு 1898. ரியோவில் கடை கண்ணி வைத்தும் குமாஸ்தா வேலை பார்த்தும் பிழைத்துவந்த போர்த்துகீசியர்கள் அந்த ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று ஒரு கிளப் தொடங்கினார்கள். ஊரெல்லாம் அந்த ஆண்டுவிழாப் பேச்சாக இருந்ததால் பெயருக்கு ரொம்ப யோசிக்கவில்லை. அவர்களுக்கு அந்தப் பெயர் பெருமை. 1502-ல் ஹஜ் பயணிகள் கப்பலை அவர் கொளுத்திய கதை தெரிந்த மலபார்க்காரர்களுக்கு அது வேறு மாதிரிதான் கேட்கும்.

இன்னொன்று, அது தொடங்கும்போது கால்பந்து கிளப்பே இல்லை. படகோட்டும் கிளப். அதிகாரப்பூர்வப் பெயரில் படகுப்போட்டி இன்றைக்கும் இருக்கிறது. கால்பந்து வந்தது 1915-ல். அடுத்த ஆண்டு ஆடிய முதல் ஆட்டத்தில் 10-1 என்று தோற்றார்கள்.

செவ்வந்தி: பிரேசிலில் கறுப்பின வீரர்களை முதன்முதலில் ஆடவைத்த கிளப் வாஸ்கோ என்று பார்க்கிற இடமெல்லாம் எழுதியிருக்கிறார்களே, சரியா?

சரியில்லை. வாஸ்கோ ரசிகர்களே பலர் இதை மிகைப்படுத்திச் சொல்கிறார்கள். அதே ரியோவில் பங்கு என்று ஒரு கிளப் உண்டு, துணி ஆலையை ஒட்டி வளர்ந்தது. அங்கே பிரான்சிஸ்கோ கர்ரெகல் என்ற கறுப்பின நெசவுத் தொழிலாளி 1905-லேயே ஆடிவிட்டார்.

வாஸ்கோ செய்தது அதைவிடப் பெரிய விஷயம் என்பேன். அவர்களை வைத்துக்கொண்டு ஜெயித்தார்கள். கறுப்பர், கலப்பினத்தவர், ஏழை வெள்ளையர் எல்லோரும் இருந்த அணி அது. கோல்கீப்பர் நெல்சன் கார் ஓட்டுநர், முன்வரிசையில் ஆடிய செசி பெயின்டர். 1922-ல் ரியோ லீக்கின் இரண்டாம் பிரிவில் முதலிடம். 1923-ல் முதல் பிரிவில் நுழைந்த கையோடு சாம்பியன்: 14 ஆட்டம், 11 வெற்றி, 2 டிரா, 1 தோல்வி. உருகுவேக்காரரான பயிற்சியாளர் ராமோன் பிளாத்தேரோ வீரர்களை ஓடவிட்டே உடம்பைத் தேற்றினார். மற்ற அணிகள் இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும்போது இவர்கள் அப்போதுதான் தொடங்கியதுபோல ஆடுவார்கள். ‘கறுப்புச் சட்டைகள்’ என்று அந்த அணியைச் சொல்வது வழக்கம்.

கறுப்பு வீரர் ஒருவர் ஒரு மூலையில் ஆடிவிட்டுப் போனால் பணக்கார கிளப்புகள் கண்டும் காணாமல் இருந்திருக்கும். கோப்பையையே தூக்கிக்கொண்டு போனதுதான் பொறுக்கவில்லை.

மிட்ஃபீல்டர் முருகு: 1924 கடிதம் என்கிறார்களே, அதை விவரமாகச் சொல்லுங்கள் சார்.

1924-ல் ஃபிளமெங்கோ, ஃப்ளுமினென்சே, பொட்டாஃபோகோ, அமெரிக்கா ஆகிய பெரிய கிளப்புகள் ரியோவின் பழைய கால்பந்துச் சங்கத்திலிருந்து வெளியேறி, ‘அமேயா’ என்ற புதிய சங்கத்தை அமைத்தன. வாஸ்கோவும் சேரலாம், ஆனால் 12 வீரர்களை நீக்கிவிட்டு வரவேண்டும் என்றார்கள். நிறம் என்ற பேச்சே எடுக்கவில்லை. சொன்ன காரணமெல்லாம் வேறு: அவர்களுடைய தொழிலும் சமூக நிலையும் சரியில்லை, வாஸ்கோவுக்கு ஒழுங்கான மைதானம் இல்லை. பதிவுப் படிவத்தை வீரர்கள் தம் கையாலேயே எழுதி நிரப்ப வேண்டும் என்ற விதியும் அந்தக் காலத்துச் சமாச்சாரம்தான். பள்ளி வாசலை மிதிக்காதவனைக் கழித்துக்கட்ட அதைவிடச் சுலபமான வழி வேண்டுமா? வாஸ்கோ தன் வீரர்களுக்கு எழுத்துப் படிக்க ஏற்பாடு செய்தது.

ஏப்ரல் 7-ஆம் தேதி கிளப் தலைவர் ஜோசே அகுஸ்தோ பிரெஸ்தஸ் பதில் எழுதினார். அந்த 12 பேரும் இளைஞர்கள், ஏறக்குறைய எல்லோருமே பிரேசில்காரர்கள், இப்போதுதான் ஆடத் தொடங்கியிருப்பவர்கள். அவர்கள் பெயரைக் கெடுக்கும் செயலுக்கு அவர்களை ஏற்றுக்கொண்ட வீடான இந்த கிளப் துணை நிற்காது. ஆகவே உங்கள் சங்கத்தில் நாங்கள் சேரவில்லை. சாரம் இவ்வளவுதான். இந்தக் கடிதத்திலும் நிறம் என்ற சொல் கிடையாது. இரண்டு பக்கமும் அதைச் சொல்லாமலே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஆண்டு வாஸ்கோ பழைய சங்கத்திலேயே ஆடி, ஒன்றில்கூடத் தோற்காமல் கோப்பை வாங்கியது. அடுத்த ஆண்டு அமேயாவே இறங்கிவந்து சேர்த்துக்கொண்டது. மனம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். வாஸ்கோ ஆடினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் காசு வரும்.

அரைத்தூக்கம்: அப்படியானால் வாஸ்கோ முதலாளிகள் எல்லோரும் உத்தமர்களா?

அப்படியும் சொல்ல முடியாது. கால்பந்துக்குச் சம்பளம் வாங்கக்கூடாது என்று விதி இருந்த காலம் அது. போர்த்துகீசிய வணிகர்கள் வீரர்களைத் தங்கள் கடைகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டினார்கள். ஜெயித்தால் கையில் பணமும் கொடுத்தார்கள். எதிரிகள் இதைக் குற்றமாகச் சொன்னார்கள். விதிப்படி குற்றம்தான். வீட்டில் சொத்து இருப்பவனுக்கு விளையாட்டு பொழுதுபோக்கு. பெயின்டருக்கு ஒரு நாள் பயிற்சிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்த விதி யாருக்குச் சாதகம் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

தாமிரபரணி: மைதானத்தை ரசிகர்களே கட்டினார்களாமே?

ஆமாம், சாவ் ஜனுவாரியோ மைதானம். ஒழுங்கான மைதானம் இல்லை என்று சொன்னவர்களுக்கு அதுதான் பதில். ரசிகர்களிடம் வசூல் செய்து 1926 ஜூனில் அடிக்கல் நாட்டினார்கள். ஓராண்டுகூட ஆகவில்லை, 1927 ஏப்ரல் 21-ல் திறந்துவிட்டார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் லூயிஸ் வந்திருந்தார். திறப்பு விழா ஆட்டத்தில் சான்டோஸ் கிளப்பிடம் 3-5 என்று தோற்றது தனிக்கதை. 1940-ல் சாவ் பாலோவில் பக்கயெம்பு மைதானம் வரும்வரை பிரேசிலிலேயே பெரியது இதுதான். பிற்பாடு நாட்டை ஆண்ட ஜெட்டூலியோ வர்காஸ் மே தினக் கூட்டங்களை இங்கே நடத்தினார்.

பக்கத்திலேயே பரெய்ரா டோ வாஸ்கோ என்ற ஃபவேலா, அதாவது ஏழைகளின் குடியிருப்பு, இருக்கிறது. 2023-ல் ஓர் ஆட்டத்துக்குப் பின் கலவரம் ஆகி, சில மாதங்கள் ரசிகர்களை மைதானத்துக்குள் விடாமல் வைத்திருந்தார்கள். அதற்கான நீதிமன்ற ஆவணத்தில் பக்கத்தில் ஃபவேலா இருப்பதையும் ஒரு காரணமாக எழுதியதும் ஊரே கொதித்தது. ஆட்ட நாளில் பீரும் தின்பண்டமும் விற்றுப் பிழைக்கிற அந்தத் தெருக்காரர்களுக்கு நேரடி நஷ்டம்.

பதினோராவது ஆள்: 1950 உலகக்கோப்பையில் பழி சுமந்த கோல்கீப்பர் வாஸ்கோக்காரரா?

பார்போசா. ஆமாம். 1940-களில் வாஸ்கோவை ‘வெற்றி எக்ஸ்பிரஸ்’ என்பார்கள். 1948-ல் சான்டியாகோவில் நடந்த தென்னமெரிக்க சாம்பியன் கிளப்புகளின் போட்டியில் தோற்காமல் கோப்பை வாங்கிய அணி அது. டி ஸ்டெஃபானோ இருந்த அர்ஜென்டினாவின் ரிவர் பிளேட் கிளப்புடன் 0-0. 1950 பிரேசில் அணிக்கு அதுதான் முதுகெலும்பு. கேப்டன் அகுஸ்தோ, டனிலோ, அந்தப் போட்டியில் அதிக கோல் அடித்த அடெமிர், பயிற்சியாளர் ஃபிளாவியோ கோஸ்தா எல்லோரும் வாஸ்கோதான்.

ரியோவின் மரக்கானா மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் உருகுவே 2-1 என்று ஜெயித்தது. உருகுவே வீரர் ஜிக்கியா அடித்த கோலுக்குப் பார்போசாவைக் குற்றவாளி ஆக்கினார்கள். பிரேசிலில் அதிகபட்ச தண்டனையே 30 ஆண்டுதான், நான் அதற்கு மேலேயும் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன் என்று வயதான காலத்தில் சொன்னார். 2000-ல் இறந்தார். கறுப்பர் என்பதால்தான் பழி அவர் தலையில் விழுந்தது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதில் சந்தேகமில்லை. வாஸ்கோ ரசிகர்கள் மட்டும் அவரை விட்டுக்கொடுக்கவே இல்லை.

கடலோடி: மறுபடியும் நான்தான். சட்டையில் இருக்கும் சிலுவை?

மால்டா சிலுவை என்று கிளப் பாட்டிலிருந்து பத்திரிகை வரை எல்லோரும் சொல்கிறார்கள். வடிவத்தைப் பார்த்தால் அது மால்டா சிலுவை இல்லை. கடலோடி வாஸ்கோ ட காமாவின் கப்பல்களின் பாயில் இருந்ததோ, கிறிஸ்து சபை என்ற போர்த்துகீசியச் சமய வீரர் அமைப்பின் சிலுவை. ரசிகரிடம் இதைச் சொல்லித் திருத்தப் பார்க்காதீர்கள், நேரம்தான் வீண்.

செவ்வந்தி: கேலரியில் பெண்கள் உண்டா?

டல்சி ரொசலினா என்று தேடிப் பாருங்கள். 1950-களிலேயே ரசிகர் குழுவுக்குத் தலைமை ஏற்றவர். பிரேசிலில் அப்படி வந்த முதல் பெண் அவர்தான் என்பார்கள்.

அரைத்தூக்கம்: இப்போது எப்படி இருக்கிறார்கள்?

சுமார். பிரேசில் லீக் நான்கு முறை (1974, 1989, 1997, 2000), நூற்றாண்டு விழா ஆண்டான 1998-ல் தென்னமெரிக்க கிளப்புகளின் பெரிய கோப்பையான லிபர்டடோரஸ், 2011-ல் பிரேசில் கோப்பை. நடுவில் 2008, 2013, 2015, 2020 என்று நான்கு முறை இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருக்கிறார்கள். 2022-ல் கால்பந்துப் பிரிவில் 70 சதவீதத்தை 777 பார்ட்னர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் வாங்கியது. 2024-ல் நீதிமன்றம் கட்டுப்பாட்டை அவர்களிடமிருந்து எடுத்துவிட்டது. பழைய வீரர் பெட்ரின்யோ அதற்கு முன்பே கிளப்புக்குத் தலைவராகியிருந்தார். 700 கோலுக்கு மேல் அடித்த ரொபெர்டோ டினமைட்டும் ஒருகாலத்தில் தலைவராக இருந்தவர்தான். கோல் அடிப்பதைவிட அந்த நாற்காலி கஷ்டம்.

மிட்ஃபீல்டர் முருகு: ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால்?

2000 டிசம்பர் 20, தென்னமெரிக்க கிளப்புகளின் மெர்கோசூர் கோப்பை இறுதி, எதிரணியான சாவ் பாலோவின் பால்மெய்ராஸ் மைதானத்தில். இடைவேளையில் வாஸ்கோ 0-3. அப்புறம் ஓர் ஆளும் சிவப்பு அட்டை வாங்கி வெளியே. முடிவு 4-3, ரொமாரியோ மூன்று, கடைசி கோல் கூடுதல் நிமிடத்தில். அவசரப்பட்டு முதல் பாதியை ஓட்டிவிடாதீர்கள். பால்மெய்ராஸ் எவ்வளவு சுலபமாக ஆடிக்கொண்டிருந்தது என்று பார்த்தால்தான் மற்றதன் ருசி தெரியும்.