ஒரே வரியை ஏழு நிமிடம்

அன்புள்ள சார்,

தாளத்தை முன்னிறுத்தும் ஃபங்க் இசை பற்றிய உங்கள் கட்டுரையில் அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் 'ஸ்டார் டைம்' தொகுப்பைக் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். நான்கு சிடி, 71 பாட்டு. பத்து நாளாக பஸ்ஸில் போகவர கேட்டு முடித்தேன். முதல் சிடி பிடித்தது. அதற்கு மேல், மனிதர் ஒரே வரியை ஏழு நிமிடம் கத்துகிறார். மெட்டு எங்கே? அப்புறம், ஒரு பாடகரைத் தெரிந்துகொள்ள 'ஹிட்ஸ்' தொகுப்பு போதுமா? அவருடைய நல்ல ஆல்பம் ஒன்றைச் சொல்லியிருக்கலாமே.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

உங்கள் புகாருக்கு வயது அறுபதுக்கு மேல். 1956இல் 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்' ஒலிப்பதிவைக் கேட்ட கிங் ரெக்கார்ட்ஸ் முதலாளி சிட் நேதன், "ஒரே சொல்லைத்தானே பாடுகிறான்" என்று கடுப்பானதாகச் சொல்வார்கள். தொகுப்பின் முதல் பாட்டே அதுதான். உங்களுக்குப் பிடித்த முதல் சிடியில்தான் இருக்கிறது!

ஆல்பம் விஷயத்துக்கு வருகிறேன். பிரவுன் அடிப்படையில் நிமிடத்துக்கு 45 சுற்று சுற்றும் சின்ன இசைத்தட்டின் ஆள். அதில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான். பாட்டு நீண்டால் இரண்டாக வெட்டி, பாகம் 1, பாகம் 2 என்று இரு பக்கமும் போடுவார்கள். அவருடைய ஆல்பங்கள் பலவும் இந்தத் தட்டுகளைக் கூட்டிச் சேர்த்து ஒப்பேற்றியவை. பெரிய விதிவிலக்கு, 1962இல் நியூயார்க் அப்பல்லோ அரங்கில் பதிவான கச்சேரி. நேதன் பணம் தர மறுத்ததால் பிரவுன் கைக்காசைப் போட்டுப் பதிவு செய்தார். அதன் தொடக்கத்தில் அறிவிப்பாளர் முழங்குவதுதான் 'ஸ்டார் டைம்'. வார இதழ்த் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைப்பார்களே, 1991இல் வந்த இந்தத் தொகுப்பு அந்த மாதிரி. வெட்டிய பாட்டுகள் பலவும் இதில்தான் ஒட்டியிருக்கின்றன.

'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பாட்டை மறுபடி கேளுங்கள். 1965 பிப்ரவரியில் வட கரோலினாவின் சார்லட் நகரில் பதிவானது. வேகத்தைக் கூட்டி, வெட்டித்தான் சிங்கிளாக, அதாவது அந்தச் சின்னத் தட்டாக விட்டார்கள். தொகுப்பில் வெட்டாத டேப் அசல் வேகத்தில் இருக்கிறது. ஏழு நிமிடம். ஒரு சுரம் ஒலிக்கும் முன்பே பிரவுன், இது ஹிட் என்று கத்திவிடுகிறார். என்ன திமிர்! சிங்கிளையும் கேட்டுவிட்டு இதற்கு வாருங்கள். சுருதி இறங்கியிருக்கும், குரலில் கனம் கூடியிருக்கும். ஜிம்மி நோலனின் கிட்டார் கோழி மண்ணைக் கிளறுவது போலச் சுரண்டிக்கொண்டே இருப்பது தெளிவாகக் கேட்கும்.

மெட்டு எங்கே என்றால், அது தொண்டையை விட்டு வாத்தியங்களுக்கு இறங்கிவிட்டது. 1967இன் 'கோல்ட் ஸ்வெட்' பாட்டில் இடையில் ஓரிடம் தவிர கார்டு, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு, மாறுவதே இல்லை. பேஸ் கிட்டார் ஒரு துண்டு, கிட்டார் ஒரு துண்டு, பித்தளை வாத்தியங்கள் ஒரு வெட்டு. எல்லாம் தாளத்தின் முதல் அடியில் வந்து விழும். பிரவுன் அதை 'தி ஒன்' என்பார். நம் கச்சேரிக்காரர்கள் சமம் என்பார்கள். அவர் குரலும் அங்கே இன்னொரு டிரம்தான். அந்த உறுமலில் வரியைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சரி, மெட்டு கட்டாயம் வேண்டுமென்றால் 1966இன் 'இட்ஸ் எ மேன்ஸ் மேன்ஸ் மேன்ஸ் வேர்ல்ட்' இருக்கிறது, வயலின்களோடு.

1969 நவம்பரில் பதிவான 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் பாதிக்கு மேல் போனதும் பிரவுன் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டிடம், தனி ஆவர்த்தனமெல்லாம் வேண்டாம், வாசிப்பதையே வாசி என்கிறார். மற்றவர்கள் நிறுத்த, டிரம் மட்டும் சுமார் இருபது விநாடி. பின்னால் ஹிப் ஹாப்காரர்கள் அந்த இருபது விநாடியை வெட்டி எடுத்து நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு அடியில் ஓடவிட்டார்கள். பாட்டின் உரிமை பிரவுன் பெயரில். 2017இல் இறந்த ஸ்டபிள்ஃபீல்டுக்கு அதில் பங்கு இல்லை.

நான்காவது சிடியின் கடைசிப் பகுதி எனக்கும் சலிப்புதான், தாண்டிவிடுங்கள். ஆனால் பஸ்ஸில் மட்டும் கேட்காதீர்கள். இன்ஜின் சத்தம் முதலில் விழுங்குவது பேஸைத்தான்.

அன்புடன்