மொந்தை மாற்றம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இணையத்தளங்கள் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். கூகிளின் பிடியிலிருந்து விடுபடலாம் என்று குரோமை நீக்கிவிட்டு எட்ஜுக்கு மாறினேன். தேடலுக்கு டக்டக்கோ. ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். எந்த உலாவிதான் நல்லது? விளம்பரத் தடுப்பான்கள் பற்றியும் சொல்லுங்கள்.

க.

அன்புள்ள க.,

நண்பர்கள் சிரிக்கட்டும். சோம்பலை உதறி ஒன்றை மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள். அந்த மனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதையே தொழிலாகச் செய்பவர் எட்ஜுக்குப் போனதை விடுதலை என்று எழுதலாமா? பழைய கள், புதிய மொந்தை. பக்கங்களைத் திரையில் வரைந்து காட்டும் தன் சொந்த எஞ்சினைக் கைவிடுவதாக மைக்ரோசாஃப்ட் 2018 டிசம்பரில் அறிவித்தது. இன்றைய எட்ஜ் நிற்பது கூகிள் முன்னின்று வளர்க்கும், குரோமுக்கும் அடித்தளமான குரோமியத்தின் மேல். ஓபரா உலாவி 2013இலேயே சரணடைந்துவிட்டது. பிரேவ், விவால்டி உலாவிகளும் அதே வழிதான். டக்டக்கோ காட்டும் முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கிலிருந்து வருகிறது. விளம்பரத் தடுப்பான்கள் பற்றி ஊரே எழுதிவிட்டது, தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

கொஞ்ச காலமாக என்னை அரிப்பது வேறு. மைக்ரோசாஃப்டின் பழைய உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வெளிவந்தது 2001இல். அடுத்த பதிப்பு 2006இல். போட்டியே இல்லை, அப்புறம் எதற்காக உழைக்க வேண்டும்? அப்போது நானும் பக்கங்கள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் ஒதுக்கிய ஒரு பெட்டிக்கு 10 பிக்சல் ஓரம் கொடுத்தால் அந்த உலாவி 20 காட்டும். அப்பட்டமான பிழை. யாரும் அதைத் திருத்தவில்லை. நாங்கள்தான் அதற்கேற்பக் கணக்குப் போட்டு எழுதக் கற்றுக்கொண்டோம். பிறகு ஃபயர்ஃபாக்ஸ் வந்தது. 10 என்று எழுதினால் 10 காட்டியது. உடனே எங்கள் பக்கங்கள் எல்லாம் கோணிக்கொண்டன. மேலாளர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்த உலாவி சரியில்லை.”

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் ஒரே எஞ்சினில் ஓடினால் அதன் பிழையும் விதியாகிவிடும். உண்மையான விதிப்படி நடப்பவன் குற்றவாளியாவான். எழுதிவைத்த தரநிலைகளை யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள்? ‘குரோமில் தெரிகிறதா? சரி’ என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். பரவலாகப் புழங்கும் எஞ்சின்கள் இன்று மூன்றே: குரோமியத்தின் பிளிங்க், ஆப்பிள் சஃபாரியின் வெப்கிட், ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ. முதலிரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை. அண்மையில் ஓர் இணையப் படிவத்தை ஃபயர்ஃபாக்ஸில் முழுவதும் நிரப்பி, ‘சமர்ப்பி’ பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. உதவி எண்ணை அழைத்தால், “குரோமில் முயன்று பாருங்கள்” என்று கனிவாகச் சொன்னார்கள்.

அந்தப் பொத்தானைச் செய்தது கூகிள் அல்ல, க. உங்களைப் போன்ற ஒருவர். நீங்கள் கடைசியாக முடித்துக்கொடுத்த தளத்தை கெக்கோவில் ஒருமுறையாவது திறந்து பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள். வீட்டில் குரோமை நீக்கிவிட்டு, அலுவலகத்தில் நாள் முழுக்க குரோமுக்காக மட்டுமே எழுதுவதற்குப் பெயர் எதிர்ப்பா? கோபித்துக்கொள்ளாதீர்கள், இவ்வளவு அக்கறையோடு எழுதியவரிடம்தான் இதைக் கேட்க முடியும். ஒரு பயனராக நீங்கள் கோடியில் ஒருவர். ஆனால் நீங்கள் செய்யும் தளத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

எந்த உலாவி என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? ஃபயர்ஃபாக்ஸ். அதுவும் புனிதமில்லை. கூகிளை இயல்புத் தேடுபொறியாக வைத்திருப்பதற்குக் கிடைக்கும் பணம்தான் அதை உருவாக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு. தேடலில் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். அதன் பிறகு, அந்தப் பணத்தை நிறுத்தினால் ஃபயர்ஃபாக்ஸே அழிந்துபோகலாம் என்று மொசில்லா நீதிமன்றத்தில் சொன்னது. அதே நீதிபதியின் 2025 செப்டம்பர் உத்தரவு பிரத்யேக ஒப்பந்தங்களைத் தடுத்தது, பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஆகவே ஃபயர்ஃபாக்ஸை நிறுவி அதில் டக்டக்கோவை வைத்தால், கூகிளுக்கு மட்டுமல்ல, மொசில்லாவுக்கு வரும் காசும் கொஞ்சம் குறையும். தெரிந்தே செய்யுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.