செயற்கைக் கஞ்சா: ஜே.டபிள்யூ.எச்-018 குறித்த கேள்வி பதில்

கும்பகோணம், கல்லூரி மாணவர்: இது கஞ்சாவிலிருந்து எடுக்கும் சத்துதானே?

இல்லை தம்பி, செடிக்கும் இதற்கும் தொடர்பே கிடையாது. அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் ஜான் டபிள்யூ. ஹஃப்மேன் குழு மூளை ஏற்பிகளை ஆராய்வதற்காக உருவாக்கிய சேர்மம். அதன் மூலக்கூறில் இண்டோல் என்ற வளையத்தின் நைட்ரஜனில் ஐந்து கார்பன் சங்கிலி. மூன்றாம் இடத்தில் கார்பனைல் வழியாக நாப்தலீன். கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி.யின் அமைப்பே வேறு. இரண்டும் போய் ஒட்டுவது மட்டும் மூளையிலுள்ள ஒரே சி.பி.1 ஏற்பியில்.

திருவாரூர், எம்.எஸ்சி. மாணவி: பாதிப்பு ஏன் இவ்வளவு கடுமை?

டி.எச்.சி. அந்த ஏற்பியை ஓரளவுதான் தூண்டும். இது முழுமையாகத் தூண்டும். கல்லீரல் சிதைத்த பிறகு உண்டாகும் ஹைட்ராக்சில் சேர்மங்கள் சிலவும் சும்மா இருப்பதில்லை. இதை உலர்ந்த இலையில் தெளித்துத்தான் பொட்டலமாக விற்கிறார்கள்; அந்த இலையில் மருந்து சீராகவும் படிந்திருக்காது. ஒரு சிட்டிகையில் ஒன்றுமிராது, அடுத்ததில் பல மடங்கு இருக்கும். நேற்று ஒன்றும் ஆகவில்லையே என்று இன்று இழுப்பவர் விழுவது இதனால்தான்.

பட்டுக்கோட்டை, ஒரு தாய்: மகனுக்குச் சிறுநீர்ச் சோதனை அட்டையில் ‘இல்லை’ என்று வந்தது. நம்பலாமா?

நம்ப முடியாது அம்மா. சாதாரண அட்டை டி.எச்.சி.யின் கழிவைத்தான் தேடும். இதற்குச் சேர்மங்களைப் பிரித்து அடையாளம் காணும் எல்.சி.-எம்.எஸ். என்ற ஆய்வகப் பரிசோதனை வேண்டும், அதிலும் எந்தெந்தச் சேர்மங்களைத் தேடுகிறார்கள் என்று ஆய்வகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பையனைத் தினம் சோதித்து விரட்டாமல், 14446 உதவி எண்ணில் பேசுங்கள்.

மன்னார்குடி, விடுதிக் காப்பாளர்: புகைத்த பையனுக்கு வலிப்பு வந்தால்?

உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் சாவி, இரும்பு திணிக்க வேண்டாம். வாயில் தண்ணீரும் கூடாது. கைகாலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். மணியைப் பாருங்கள்: வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து, அதை ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்ல வேண்டும். என்ன புகைத்தான் என்பதை மறைக்காதீர்கள். இதற்கென்று முறிவு மருந்து இல்லை; நலாக்சோன் ஓபியம் வகைக்குத்தான். மருத்துவர்கள் பென்சோடயசிபைன் கொடுத்து வலிப்பை அடக்குவார்கள், இ.சி.ஜி. எடுப்பார்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின் பார்ப்பார்கள். வீடு திரும்பிய பின் சிறுநீர் குறைந்தாலோ விலாப்புறம் வலித்தாலோ சிறுநீரகத்தைச் சந்தேகியுங்கள். ஈறில் ரத்தம் கசிந்தாலும் தாமதிக்கக் கூடாது. 2018-இல் இல்லினாய்ஸில் இத்தகைய சரக்கில் புரோடிஃபாகூம் என்ற எலி மருந்து கலந்து பலர் ரத்தம் கசிந்து துடித்தார்கள். அதற்கு வைட்டமின் கே நெடுநாள் கொடுக்க வேண்டியிருந்தது.

மயிலாடுதுறை, இளம் வழக்கறிஞர்: சட்டநிலை?

2015-இல் ஐ.நா. இதை மனமயக்கப் பொருள்களுக்கான 1971 உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. நம் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையிலும் இருக்கிறது. ஆகவே கஞ்சாவுக்கான 20-ஆம் பிரிவு பொருந்தாது; 22-ஐப் பாருங்கள். சிறு அளவுக்கு ஓராண்டு வரை, வணிக அளவுக்கு 10 முதல் 20 ஆண்டு. கவனிக்க வேண்டியது எடை. 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கலப்படப் பொருளையும் சேர்த்தே எடை பார்க்க வேண்டும் என்றது. மருந்து மில்லிகிராமில் இருந்தாலும், தெளித்த இலை முழுவதும் கணக்கில் வரும். அடிமையானவர் தாமே சிகிச்சைக்கு முன்வந்தால் வழக்கிலிருந்து விலக்குத் தரும் 64ஏ பிரிவைக் கேட்டுப் பாருங்கள். பயன்பாடு, சிறு அளவு வழக்குகளுக்கு மட்டுமே அது உதவும்.

வேதாரண்யம், கடைக்காரர்: உறையில் ‘மனிதர் உட்கொள்வதற்கல்ல’ என்று போட்டிருந்தால்?

உறை காப்பாற்றாது. உள்ளிருக்கும் சேர்மம் என்ன என்பதைத்தான் தடயவியல் அறிக்கை சொல்லும். வழக்கும் அதை வைத்தே நடக்கும்.